ஐந்தாவது குண்டுக்கும் அதே பயம்தானா? நியூயார்க் கெட்ஸ் வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

“உனக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறதே. இந்தா, இன்னொன்று.”

ரயில் பெட்டியின் ஓரத்து இருக்கையில் கிடந்த ஓர் இளைஞனைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டு ஐந்தாவது முறை சுட்டதாக பெர்ன்ஹார்டு கெட்ஸ் போலீசிடம் வாக்குமூலம் கொடுத்தார். யாரும் அடித்து வாங்கிய வாக்குமூலம் அல்ல. தானாகச் சரணடைந்து, மணிக்கணக்கில் பேசி, நாடாவில் பதிவானது. அப்படிப் பேசியவரைத்தான் இரண்டரை ஆண்டு கழித்து பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 12 பேர் கொண்ட ஜூரி கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

பயத்தில் சுட்டவரைச் சட்டம் எப்போது மன்னிக்கிறது, எப்போது மன்னிக்க மறுக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழக்கு இதுதான். சுட்டவர் யோக்கியர், சுடப்பட்டவர்கள் அயோக்கியர்கள் என்றோ, மாற்றியோ சொல்லி இதை முடித்துவிட முடியாது. நான்கு பேர், ஐந்து குண்டு. ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை

1984 டிசம்பர் 22, பிற்பகல். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து கீழ் மன்ஹாட்டன் நோக்கிப் போகும் 2-ம் எண் சுரங்க ரயில். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருந்த ஒரு பெட்டியின் பின்பகுதியில் 18, 19 வயதுடைய நான்கு கறுப்பின இளைஞர்கள். வீடியோ கேம் இயந்திரங்களின் காசுப் பெட்டியை உடைத்துத் திருடப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவருடைய கோட்டுக்குள் ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்தன.

பதினான்காம் தெரு நிலையத்தில் கெட்ஸ் ஏறினார். 37 வயது, வெள்ளையர், மின்னணுக் கருவிகளைச் சரிபார்க்கும் சிறு தொழிலை வீட்டிலிருந்தே நடத்தியவர். இடுப்பு உறையில் உரிமம் இல்லாத பாயிண்ட் 38 ரிவால்வர், அதில் ஐந்து தோட்டா. அந்த நால்வர் இருந்த பக்கமாகவே போய் உட்கார்ந்தார்.

“எப்படி இருக்கீங்க?” என்று ஒருவர் கேட்டார். “நல்லா இருக்கேன்” என்றார் கெட்ஸ். கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞர் எழுந்து பக்கத்தில் வந்து ஐந்து டாலர் கேட்டார். இன்னொருவர் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். கேட்டது “ஐந்து டாலர் கொடு” என்றா, “ஐந்து டாலர் கிடைக்குமா” என்றா என்பதில் பின்னால் தகராறு. கேட்ட தொகை ஒன்றுதான், கேட்ட விதத்தில் இருக்கிறது பிச்சையும் பறிப்பும். யாரும் ஆயுதம் எதையும் வெளியே எடுக்கவில்லை. அதில் மட்டும் தகராறு இல்லை.

கெட்ஸ் எழுந்து துப்பாக்கியை எடுத்தார். முதல் குண்டு பணம் கேட்டவரின் மார்பில். இரண்டாவது அடுத்தவரின் முதுகில். மூன்றாவது இன்னொருவரின் கையைத் துளைத்து விலாவுக்குள். நான்காவது, மூலையில் நின்ற நான்காமவரைக் குறிவைத்துத் தவறிச் சுவரில் பட்டுத் தெறித்தது. ஐந்தாவது, அப்போது இருக்கையில் இருந்த அதே நான்காமவரின் விலாப் பின்புறத்தில் பாய்ந்து முதுகுத்தண்டை அறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு தரும் வரிசை இது. விசாரணையில் கெட்ஸ் தரப்பு மறுத்ததும் இதன் கடைசிப் பகுதியைத்தான்.

சத்தம் கேட்டு அடுத்த பெட்டியிலிருந்து நடத்துநர் ஓடி வந்தபோது கெட்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒதுங்கிப் பதுங்கிய இரு பெண்கள் தரையில் கிடந்தார்கள். “என்னைக் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள்” என்றார் கெட்ஸ். துப்பாக்கியைக் கொடுக்க மறுத்தார். சேம்பர்ஸ் தெரு நிலையத்துக்குச் சற்று முன்னால் நின்றிருந்த ரயிலிலிருந்து தண்டவாளத்தில் குதித்து ஓடிவிட்டார். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 31 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் கான்கார்டு போலீஸ் நிலையத்தில் போய் நின்றார்.

ஸ்க்ரூ டிரைவர் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “கூர் தீட்டிய ஸ்க்ரூ டிரைவர்கள்” என்று செய்தி பரவியது. தீட்டியவை அல்ல என்பது பின்னால் தெரிந்தது. தீட்டியிருந்தாலும் தற்காப்புக் கேள்வியில் அதற்கு மதிப்பு இல்லை, ஏனென்றால் கெட்ஸ் அவற்றைப் பார்க்கவே இல்லை. சுடும் அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்தது என்பதுதான் சட்டத்துக்கு வேண்டும். பிறகு சட்டைப் பையைத் துழாவி எடுத்த பொருள் அவருடைய பயத்துக்கு முன்தேதியிட்ட காரணம் ஆகாது. அதேபோல, அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்திருந்தாலும், அந்த ஒரு காரணத்தால் அவர் குற்றவாளி ஆகிவிடவும் மாட்டார்.

அவர் பயந்தாரா?

பயந்தார் என்றே நான் நம்புகிறேன். 1981-ல் கனால் தெரு நிலையத்தில் இளைஞர்கள் அவரைத் தாக்கிக் காயப்படுத்தினார்கள். துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், தேவை போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள். உரிமம் இல்லாமலே வைத்துக்கொண்டார். 1981-க்கும் 1984-க்கும் நடுவே இரண்டு முறை, சுடாமல், துப்பாக்கியைக் காட்டியே எதிரிகளை விரட்டியிருக்கிறார். இந்தக் கடைசிச் செய்தி அவருக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. ஆபத்து உண்மையாகவே வந்துபோன வாழ்க்கை என்று காட்டுகிறது. காட்டினாலே போதும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டுகிறது.

வாக்குமூலத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. அவர்களில் யாரிடமும் துப்பாக்கி இல்லை என்று தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றார். ஆனால் பணம் கேட்டவரின் சிரிப்பைப் பார்த்தபோது தன்னை வைத்து ‘விளையாட’ப் போகிறார்கள், அடித்து முடமாக்கிவிடுவார்கள் என்று பட்டதாம். இடமிருந்து வலமாக எந்த வரிசையில் சுடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டாராம். அவர்களைக் கொல்ல வேண்டும், முடிந்தவரை வேதனைப்படுத்த வேண்டும் என்பதே தன் எண்ணம் என்றார். இன்னும் தோட்டா இருந்திருந்தால் திரும்பத் திரும்பச் சுட்டிருப்பேன் என்றார்.

ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் பயமும் இருந்தது, பழி தீர்க்கும் வெறியும் இருந்தது. அடிபட்ட மனிதர்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சட்டத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: உண்மையாகப் பயந்தான் என்பது மட்டும் போதுமா?

இரண்டு கிராண்ட் ஜூரிகள்

அன்றைய நியூயார்க்கை மறந்துவிட்டு இந்த வழக்கைப் படிக்கக் கூடாது. சுரங்க ரயில் என்றாலே வழிப்பறி நினைவுக்கு வந்த காலம். சுட்டவரைப் பற்றித் துப்புக் கொடுங்கள் என்று போலீஸ் அறிவித்த தொலைபேசி எண்ணுக்கு, ‘அவர் செய்தது சரி’ என்று பாராட்ட ஆட்கள் அழைத்தார்கள். நகரத்தின் பெரும்பகுதி தன் ஆத்திரத்தை அந்த ஒரு மனிதர் மீது ஏற்றி வைத்தது.

1985 ஜனவரி 25 அன்று முதல் கிராண்ட் ஜூரி (விசாரணைக்கு அனுப்பும் அளவுக்குக் குற்றச்சாட்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே முடிவு செய்யும் குடிமக்கள் குழு), ஆயுதம் வைத்திருந்த குற்றங்களுக்கு மட்டும் குற்றச்சாட்டு பதிவு செய்தது. கொலை முயற்சியை ஏற்கவில்லை. புதிய சாட்சியம் கிடைத்ததாகச் சொல்லி அரசுத் தரப்பு இரண்டாவது கிராண்ட் ஜூரி முன் போனது. மார்ச் 27 அன்று அது நான்கு கொலை முயற்சி, நான்கு கொடுங்காயத் தாக்குதல், மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது, ஆயுதம் வைத்திருந்தது என்று 10 குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது.

இந்த இரண்டாவது முறையில் அரசு வழக்கறிஞர் ஜூரிக்குச் சட்டத்தை விளக்கிய விதம்தான் பெரிய சண்டையாக வெடித்தது. கெட்ஸின் இடத்தில் இருந்த ‘ஒரு நியாயமான மனிதர்’ இப்படி நடந்திருப்பாரா என்று பாருங்கள் என்று அவர் சொன்னார். விசாரணை நீதிபதி ஸ்டீபன் கிரேன், 1986 ஜனவரியில், இந்த விளக்கம் தவறு என்று பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். சுட்டவரின் சொந்த மனநிலைக்கு அது நியாயமாகத் தோன்றியதா என்றுதான் கேட்க வேண்டும், வேறொரு கற்பனை மனிதரை அளவுகோலாக வைக்கக் கூடாது என்பது அவர் நிலை. இடைநிலை மேல்முறையீட்டு அமர்வு 3-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கமே நின்றது.

‘நியாயமாக’ என்ற ஒரு சொல்

வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. 1986 ஜூலை 8 அன்று தலைமை நீதிபதி சால் வாக்ட்லர் எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. நியூயார்க் தண்டனைச் சட்டத்தின் 35.15-ம் பிரிவில் வரும் ‘நியாயமாக நம்பினால்’ என்ற தொடர்தான் தீர்ப்பின் மையம்.

அந்தப் பிரிவு சொல்வது சுருக்கமாக இது. எதிராளி உயிர் போக்கும் வன்முறையைப் பயன்படுத்துகிறார், அல்லது பயன்படுத்தப் போகிறார் என்று நியாயமாக நம்பினால் நீங்களும் உயிர் போக்கும் வன்முறையைப் பயன்படுத்தலாம். முழுப் பாதுகாப்போடு விலகிப் போக முடியும் என்று தெரிந்தால் விலக வேண்டும், சொந்த வீட்டுக்குள் அந்தக் கடமை இல்லை. இதற்கு வெளியே இன்னொரு வாசலும் இருக்கிறது: ஆள்கடத்தல், வன்புணர்வு, கொள்ளை போன்ற குற்றம் நடக்கிறது அல்லது முயற்சிக்கப்படுகிறது என்று நியாயமாக நம்பினாலும் சுடலாம். கொள்ளைக்காரன் கையில் ஆயுதம் இருந்தாக வேண்டும் என்று அங்கே நிபந்தனை இல்லை. இந்த வழக்கைப் பற்றிப் பேசும் பலர் இந்த இரண்டாவது வாசலை விட்டுவிடுகிறார்கள். ஜூரி உள்ளே போனதே அந்த வாசல் வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

சரி, ‘நியாயமாக’ என்றால் யாருக்கு நியாயம்? வாக்ட்லர் சட்டத்தின் வரலாற்றைத் தோண்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நியூயார்க் சட்டம் நியாயமான காரணம் கேட்டிருக்கிறது. 1960-களில் புதிய தண்டனைச் சட்டம் எழுதியவர்களின் மேசையில், மாநிலங்கள் பார்த்து எழுதுவதற்காகச் சட்ட அறிஞர்கள் தயாரித்த ‘மாதிரித் தண்டனைச் சட்டம்’ இருந்தது. அந்த மாதிரியில் ‘நம்பினால்’ என்று மட்டுமே உண்டு. நம்பிக்கை கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ எழுந்திருந்தால், அதற்கு ஏற்ற சிறிய குற்றத்துக்குத் தண்டிக்க அங்கே வழி வைத்திருந்தார்கள். நியூயார்க் அந்த நடு வழியை எடுக்கவில்லை. மாதிரியில் பெருமளவு கடன் வாங்கிய சட்டமன்றம், இந்த இடத்தில் ‘நியாயமாக’ என்ற சொல்லைக் கூடவே சேர்த்தது. எழுதியவர்கள் தெரிந்தே சேர்த்த ஒரு சொல்லை நீதிமன்றம் இல்லாததுபோல் படிக்க முடியாது என்றார் வாக்ட்லர். ஒருவருடைய மனம் எவ்வளவு கோணலாக ஓடினாலும் அவர் நம்பிவிட்டார் என்பதற்காக முழுதாக விடுவித்தால், எவ்வளவு வன்முறை செல்லும் என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நிர்ணயித்துக்கொள்ள விட்டதாகும் என்பது தீர்ப்பின் உயிர்நாடி.

ஆனால் அவர் காட்டிய ‘நியாயமான மனிதர்’ ஆகாயத்தில் தொங்குபவரும் அல்ல. எதிரே நிற்பவர்களின் அசைவு, அவர்களைப் பற்றி முன்பே தெரிந்தது, இரு தரப்பின் உடல்வாகு, முன்பு பட்ட அடி எல்லாவற்றையும் ஜூரி கணக்கில் எடுக்கலாம். ஆகவே கேள்வி இரண்டு. தன்னைக் காக்கச் சுடுவது அவசியம் என்று கெட்ஸ் உண்மையாக நம்பினாரா? நம்பினார் என்றால், அவர் இருந்த சூழலில், அவருக்கு இருந்த அனுபவத்தோடு, ஒரு நியாயமான மனிதரும் அப்படி நம்பியிருப்பாரா? இரண்டில் ஒன்றுக்காவது ‘இல்லை’ என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தள்ளுபடியான குற்றச்சாட்டுகள் மீண்டும் உயிர் பெற்றன.

இந்தத் தீர்ப்பு சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. பயத்தை மட்டும் அளவுகோலாக்கினால், அதிகம் பயப்படுகிறவருக்கு அதிகம் சுடும் உரிமை கிடைக்கும். யாரைக் கண்டு ஊர் அதிகம் பயப்படுகிறதோ, அவர் உயிருக்குப் பாதுகாப்பு குறையும். 1984 நியூயார்க்கில் அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லா நாடும் இப்படி வகுக்கவில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் ஆபத்து இருக்கிறது என்ற நம்பிக்கை நேர்மையானதாக இருந்தால் போதும், தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அப்படி நம்பிய சூழலுக்கு அவர் பயன்படுத்திய பலம் நியாயமான அளவா என்பதைத்தான் ஜூரி தன் அளவுகோலால் அளக்கும். 1999-ல் நார்ஃபோக்கில் தன் பண்ணை வீட்டுக்குள் இரவில் நுழைந்த 16 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்ற டோனி மார்ட்டினுக்கு அந்த அளவுகோலில் தற்காப்பு கிடைக்கவில்லை. கொலைத் தீர்ப்பு 2001-ல் மனநிலைக் குறைபாடு காரணமாகக் குறைந்ததே தவிர, விடுதலை ஆகவில்லை. புளோரிடாவின் 2005 சட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. விலகிப் போகும் கடமையை அது நீக்கியது உண்மை, ‘நியாயமாக நம்பினால்’ என்ற தொடரை நீக்கவில்லை.

நம் ஊர்ச் சட்டத்தில் ஒரு வரி

இந்த ஆய்வுக்கு நடுவே இந்தியச் சட்டத்தைக் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. கெட்ஸ் வழக்கு முழுக்கத் தேடிய ஒரு வரி அதில் 1860 முதல் எழுதியே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 102-ம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 40-ம் பிரிவு: உடலைக் காக்கும் உரிமை, ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் எழுந்தவுடன் தொடங்குகிறது, அந்த அச்சம் நீடிக்கும் வரை நீடிக்கிறது.

தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அதே அச்சத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. அடி விழும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் எதிராளி விழுந்துவிட்டால், ஓடத் தொடங்கிவிட்டால், உரிமையும் அங்கேயே விழுந்துவிடும். மரணம் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் எதிராளியின் மரணம் வரைக்கும் போகலாம் என்று சன்ஹிதாவின் 38-ம் பிரிவும், கொள்ளையைத் தடுக்கவும் அப்படியே என்று 41-ம் பிரிவும் சொல்கின்றன. தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது என்பது 37. உயிருக்குப் போராடும் நேரத்தில் பதிலடியைப் பொன் தராசில் நிறுக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2010-ல் பஞ்சாப் நிலத் தகராறு ஒன்றில், தந்தையைக் கண்டாசா என்ற நீண்ட பிடி வெட்டுக்கருவியால் வெட்டியவரைச் சுட்ட மகனை அது விடுவித்ததும் அந்தக் கண்ணோட்டத்தில்தான். தராசு பொன் தராசாக இருக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். தராசே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்தாவது குண்டு

இப்போது மன்ஹாட்டன் விசாரணை அறைக்குத் திரும்புவோம். 1987 ஏப்ரல் இறுதியில் வாதம் தொடங்கியது. நீதிபதி அதே கிரேன். அரசுத் தரப்பில் கிரெகரி வேப்பிள்ஸ், கெட்ஸுக்கு பாரி ஸ்லாட்னிக். ஜூரியில் பத்து வெள்ளையர், இரண்டு கறுப்பினத்தவர். பாதிப் பேர் ஏற்கனவே ஏதாவது ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள்.

முதல் மூன்று நான்கு குண்டுகளில் அரசுத் தரப்பின் வேலை கடினம். பெட்டிக்குள் நால்வர், ஒருவர் பக்கத்தில் வந்து பணம் கேட்கிறார், ஓடும் ரயிலில் விலகிப் போக இடமில்லை. ‘கொள்ளை நடக்கிறது என்று நம்பியது நியாயமே இல்லை’ என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஒருவருக்கு முதுகில் பாய்ந்திருந்தது என்பது உறுத்தும் விஷயம்தான். ஆனால் சில நொடிகளுக்குள் திரும்பி ஓட முயன்றவருக்கும் முதுகில் பாயலாம்.

ஐந்தாவது குண்டு அப்படி அல்ல. நான்கு சுட்டபின் நிறுத்தி, நிலவரத்தைப் பார்த்து, உட்கார்ந்திருப்பவரிடம் போய், ஒரு வாசகம் சொல்லி, மறுபடி சுட்டால் அது வேறு செயல். அந்த இடைவெளியில் அச்சம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஆத்திரம். வாக்குமூலம் அதைத்தான் சொல்கிறது.

ஸ்லாட்னிக் அந்த இடைவெளியையே அழிக்கப் பார்த்தார். குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மளமளவென்று வெடித்தன என்றே சாட்சிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். கெட்ஸ் போய் உட்கார்ந்திருந்தவரைச் சுட்டதைப் பார்த்தேன் என்று சொன்னவர் ஒரே ஒரு சாட்சி. முன்னாள் தலைமை மருத்துவப் பரிசோதகர் ஒருவர், குண்டு பாய்ந்த வாட்டத்தைக் காட்டி, சுடப்பட்டபோது அந்த இளைஞர் நின்றிருக்க வேண்டும் என்றார். முதுகுத்தண்டை அறுத்தது நான்காவது குண்டு, தவறியது ஐந்தாவது என்று கெட்ஸ் தரப்பு வாதிட்டது. அப்படியானால் வாக்குமூலம்? அதிர்ச்சியில் உறைந்த மனம் பின்னால் கட்டிக்கொண்ட கதை, நடந்தது அல்ல, அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்ததைச் சொன்னதாக நினைத்துக்கொண்டார் என்றார்கள். பயத்தில் உடல் தானாக இயங்கும் விதத்தைப் பற்றி மருத்துவ நிபுணரும் சாட்சி சொன்னார்.

தன் கட்சிக்காரரின் வாக்குமூலத்தையே பொய்யாக்கி அவரைக் காப்பாற்றிய வாதம் இது. திறமை என்பதில் சந்தேகமில்லை. எனக்கு ஏற்க முடியாத ஒன்றையும் அதே தரப்பு செய்தது: சுடப்பட்டவர்கள் நின்ற இடத்தைக் காட்ட, கறுப்பின இளைஞர்கள் நால்வரை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நின்ற இடத்தைக் காட்டச் சாக்கட்டிக் கோடு போதும். ‘பயம் நியாயமா’ என்று தீர்மானிக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதைக் காட்டினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட உச்சரிக்காமல் நிறத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட முடியும்.

1987 ஜூன் 16. கொலை முயற்சி, தாக்குதல், மற்றவருக்கு ஆபத்து விளைவித்தது, எல்லாவற்றிலும் விடுதலை. உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை. முதலில் ஆறு மாதம் சிறை என்றிருந்தது மேல்முறையீட்டுக்குப் பின் ஓராண்டு ஆனது. எட்டு மாதம் போல் இருந்துவிட்டு வெளியே வந்தார்.

ஜூரி மேல் நான் கல்லெறிய மாட்டேன். இடைவெளி இருந்ததா என்பதில் நிஜமாகவே சாட்சியம் பிளந்து நின்றது. ஐயம் வந்தால் விடுவி என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை. ஆனால் வாக்குமூலத்தை அவர்கள் நிறுத்த எடையோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஒருவர் தனக்கு எதிராகத் தானே சொல்வதை நம்ப வேண்டாம் என்றால், அதற்குப் பக்கத்தில் நின்ற சாட்சியையும் நம்ப வேண்டாம் என்றால், மனத்துக்குள் நடந்ததை எந்த அரசுத் தரப்பும் எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது. இன்னொரு குறையும் சட்டத்திலேயே இருந்தது. பயம் நேர்மையானது, ஆனால் மிதமிஞ்சியது என்று ஒரு ஜூரி நினைத்தால் அதைப் பதிவு செய்ய, மாதிரிச் சட்டத்தில் இருந்த அந்த நடுப்படி நியூயார்க்கில் இல்லை. கொலை முயற்சி அல்லது விடுதலை என்று நிறுத்தினால், பயந்த மனிதரைப் பார்த்து இரக்கப்படும் பன்னிரண்டு பேர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது ஊகிக்கக் கடினம் அல்ல.

பிராங்க்ஸில் அதே கதை

முதுகுத்தண்டு அறுபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. மருத்துவமனையில் நிமோனியா வந்து, கோமாவுக்குப் போய், மூளையும் பாதிக்கப்பட்டது. 19 வயது. அவர் தரப்பில் போட்ட இழப்பீட்டு வழக்கு 1996 ஏப்ரலில் பிராங்க்ஸில் விசாரணைக்கு வந்தது. ஆறு பேர் ஜூரி: நான்கு கறுப்பினத்தவர், இரண்டு ஹிஸ்பானியர். கெட்ஸ் நியாயமின்றிச் சுட்டார் என்று கண்டு 4.3 கோடி டாலர் இழப்பீடு விதித்தார்கள். அதில் 1.8 கோடி நட்டத்துக்கு, 2.5 கோடி தண்டனையாக. கெட்ஸ் திவால் நோட்டீஸ் கொடுத்தார்.

ஒரே ரயில் பெட்டி, ஒரே ஐந்து குண்டு, இரண்டு தீர்ப்பு. சட்டப்படி இதில் முரண் இல்லை. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், உரிமையியல் வழக்கில் எந்தப் பக்கம் தராசு தாழ்கிறது என்று பார்த்தால் போதும். அந்த விளக்கம் சரி. அது மட்டுமே முழு விளக்கம் என்று நான் நம்பவில்லை. ‘நியாயமான மனிதர்’ என்று தீர்ப்பில் எழுதியிருந்தாலும், ஜூரி அறைக்குள் அவருக்கு முகம் தருபவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான். மன்ஹாட்டனில் அவர் கெட்ஸின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தார். பிராங்க்ஸில் ஓரத்து இருக்கையில் கிடந்தவரின் இடத்தில் தன் மகனை வைத்துப் பார்த்திருப்பார்.

வாக்ட்லரின் இரண்டு கேள்விகளும் இன்றைக்கும் நியூயார்க் ஜூரிகளிடம் கேட்கப்படுகின்றன. 2023 மே 1 அன்று மன்ஹாட்டன் எஃப் ரயிலில், கூச்சலிட்டுப் பயணிகளை அச்சுறுத்திய வீடற்ற கறுப்பின இளைஞர் ஒருவரை மரைன் என்ற அமெரிக்கப் படைப்பிரிவின் முன்னாள் வீரர் கழுத்தை இறுக்கிப் பிடித்தார், அந்த இளைஞர் இறந்துபோனார். துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை. ஆனாலும் 2024 டிசம்பரில் முடிந்த அந்த வழக்கில் வாதம் சுற்றியது பழைய இடத்தில்தான்: பிடித்தது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம், அவர் உடல் தளர்ந்த பிறகும் பிடியை விடாமல் வைத்திருந்த நேரத்துக்கு என்ன பதில்? அந்த ஜூரியும் விடுவித்தது.